ஷாப்லிஃப்டர்ஸ்: அந்த வீட்டில் யாருக்கு யார் உறவு? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்' என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அந்த நம்பிக்கையோடு ஜப்பானிய இயக்குநர் ஹிரோகசு கொரே-எடாவின் 'ஷாப்லிஃப்டர்ஸ்' படத்துக்கு முன்னால் உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது தொண்டையில் ஏதோ அடைத்திருக்கும். நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் இதைப் பலமுறை போட்டுக் காட்டியிருக்கிறேன். முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். அப்புறம் கேள்விகள் வரும், பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவற்றைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். முடிவு உட்பட முழுக்கதையும் இதில் உண்டு. படம் பார்க்காதவர்கள் முதல் இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு வாருங்கள்.

படம் எதைப் பற்றியது?

டோக்கியோ. உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டதைப் போல ஒரு பழைய ஒற்றைமாடி வீடு. அதில் ஒரு பாட்டி, ஒரு கணவன் மனைவி, ஓர் இளம்பெண், ஒரு சிறுவன். பாட்டியின் ஓய்வூதியம், கூலி வேலை, கடைகளில் கைவைப்பது, இவைதான் வருமானம். ஒரு குளிர்கால இரவில் அந்தக் கணவன் ஒசாமுவும் சிறுவன் ஷோட்டாவும் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் திருடிவிட்டு, சூடான கொரொக்கே வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். (நம் ஊர் உருளைக்கிழங்கு கட்லெட்டின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) வழியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், வீட்டுக்கு வெளியே குளிரில் தனியாக நிறுத்தப்பட்டிருக்கிற ஐந்து வயதுச் சிறுமி யூரியைப் பார்க்கிறார்கள். சாப்பிடவாவது ஏதாவது கொடுப்போம் என்று வீட்டுக்குக் கூட்டி வருகிறார்கள். கதை அங்கே தொடங்குகிறது.

2018-இல் வெளிவந்தது, 121 நிமிடம். அந்த ஆண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவின் உச்ச விருதான தங்கப்பனையைப் பெற்றது. 1997-க்குப் பிறகு அந்த விருதைப் பெற்ற முதல் ஜப்பானியப் படம் இது.

தலைப்பின் பொருள் என்ன?

ஜப்பானிய மொழியில் 'மன்பிகி கசோகு'. 'மன்பிகி' என்றால் கடையில் திருடுவது, 'கசோகு' என்றால் குடும்பம். ஆங்கிலத் தலைப்பில் குடும்பம் என்ற சொல் காணாமல் போய்விட்டது, எனக்கு அது பெரிய இழப்பு. கொரே-எடா முதலில் மனதில் வைத்திருந்த தலைப்பு இன்னொன்று. 'குரல் கொடுத்துக் கூப்பிடு' என்று அதைத் தமிழில் சொல்லலாம். அந்தத் தலைப்பை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாம் முறை பாருங்கள். யார் யாரை என்னவென்று கூப்பிடுகிறார்கள், எந்த வார்த்தை வாய்வரை வந்து நின்றுவிடுகிறது என்பதுதான் படம் முழுக்க ஓடுகிற நூல் என்று தெரியும்.

யார் யாருக்கு என்ன உறவு? பாதிப் படம் வரை எனக்குப் புரியவே இல்லை.

புரியாதபடி எடுத்திருப்பது வேண்டுமென்றே செய்ததுதான். ஒரு வீட்டில் ஐந்து பேர் ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டால் நாமாகவே முறை கட்டிவிடுகிறோம்: இவர் மாமியார், இவள் மருமகள், இது பேரன் என்று. படம் அதை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறது.

பாட்டி ஹட்சுயே (கிரின் கிகி) யாருக்கும் பாட்டி இல்லை. கணவர் வேறொரு பெண்ணோடு போய்விட்டார், அவர் இறந்தபின் வரும் ஓய்வூதியத்தில் வாழ்கிறார். ஒசாமுவும் (லில்லி ஃப்ராங்கி) நொபுயோவும் (சகுரா ஆண்டோ) அவருடைய மகனும் மருமகளும் இல்லை. நொபுயோவை அடித்துக் கொடுமைப்படுத்திய முன்னாள் கணவன் ஒருவன் இருந்தான். அவனை இவர்கள் இருவரும் சேர்ந்து கொன்று புதைத்தார்கள், தற்காப்பு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒசாமு, நொபுயோ என்பவையும் அவர்களுடைய சொந்தப் பெயர்கள் இல்லை. ஷோட்டா (கைரி ஜோ) ஒரு சூதாட்டக் கூடத்தின் வாகன நிறுத்தத்தில், காருக்குள் தனியாகக் கிடந்த குழந்தை. அகி (மாயு மட்சுஓகா) பாட்டியின் கணவர் இரண்டாம் மனைவி வழியில் விட்டுச்சென்ற பேத்தி, அதாவது பாட்டியின் வாழ்க்கையைக் கெடுத்த குடும்பத்துப் பெண். அவளைத்தான் பாட்டி பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்கிறார்.

பின்னால் எல்லோரும் பிடிபட்டு நடக்கும் காவல்துறை விசாரணையில் இன்னொன்று வெளிப்படுகிறது. ஒசாமுவின் உண்மையான பெயர் ஷோட்டா. காருக்குள் கிடைத்த பிள்ளைக்குத் தன் பெயரைத்தான் வைத்திருக்கிறான். வேறெதுவும் கொடுக்க இல்லாத ஒரு மனிதன் பெயரைக் கொடுத்திருக்கிறான். கவனிக்காமல் விட்டுவிடும் அளவுக்குப் போகிற போக்கில் வரும் தகவல் அது. நானும் முதல் தடவை தவறவிட்டேன்.

அந்தச் சிறுமியை அவர்கள் கடத்தினார்களா, காப்பாற்றினார்களா?

சட்டப்படி கடத்தல். படமும் அதை மறைக்கவில்லை.

ஆனால் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். முதல் இரவே திருப்பிக் கொண்டுபோய் விடத்தான் போகிறார்கள். வீட்டு வாசலை நெருங்கும்போது உள்ளே பெற்றவர்கள் சண்டை போடுவது கேட்கிறது. இந்தப் பிள்ளையைப் பெற எனக்கும்தான் விருப்பமில்லை என்கிறாள் தாய். குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் நொபுயோவின் கைகள் இறுகுகின்றன, அவளால் இறக்கிவிட முடியவில்லை. யூரியின் உடம்பில் சூட்டுத் தழும்புகள் இருக்கின்றன. குழந்தை காணாமல் போய் இரண்டு மாதம் ஆகியும் பெற்றவர்கள் புகார் கொடுக்கவில்லை. தொலைக்காட்சியில் செய்தி வந்த பிறகுதான் இந்த வீட்டில் அவளுக்கு முடிவெட்டி, லின் என்று பெயர் மாற்றுகிறார்கள்.

புதுத்துணி எடுக்கப் போகும் காட்சி ஒன்று உண்டு. வேண்டாம் என்கிறாள் சிறுமி. அப்புறம் அடிக்கமாட்டீர்களா என்று கேட்கிறாள். புதுத்துணி வாங்கிக் கொடுத்தால் அதற்குப் பிறகு அடி விழும் என்பதுதான் அவள் கற்றிருக்கும் பாடம். பிறகு ஒருநாள் குளியல் தொட்டியில் நொபுயோவின் கையில் இருக்கும் இஸ்திரிப்பெட்டித் தழும்பைப் பார்க்கிறாள். தன் கையிலும் அதே போல ஒன்று. மெதுவாக அதைத் தடவிக் கொடுக்கிறாள். அந்தத் தழும்பைத் தடவும் விரலைவிடப் பெரிய சொந்தம் எனக்குத் தெரிந்து எந்தத் திரைப்படத்திலும் இல்லை.

குழந்தையின் பழைய துணிகளை எரிக்கும்போது நொபுயோ அவளை இறுக்கி அணைத்துக்கொண்டு சொல்வது: பாசத்தால்தான் அடிக்கிறேன் என்பது பொய், பாசம் இருந்தால் இப்படித்தான் செய்வார்கள். 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு அந்த இடம் சுருக்கென்று படும்.

குடும்பம் என்றால் பிறப்பால் வருவதா, தேர்ந்தெடுப்பதா? படம் எந்தப் பக்கம்?

தேர்ந்தெடுக்கும் குடும்பம் பற்றிப் பேசும்போது எல்லோரும் பெரியவர்கள் தேர்ந்தெடுப்பதையே பேசுகிறோம். நொபுயோ வேறு மாதிரி யோசிக்கிறாள். திரும்பிப் போகமாட்டேன் என்று சிறுமி உறுதியாக நின்றபிறகு, பாட்டியிடம் அவள் கேட்கிறாள்: இவள் நம்மைத் தேர்ந்தெடுத்துவிட்டாளோ? பெற்றவர்களை யாரும் தேர்ந்தெடுக்க முடியாதே என்கிறார் பாட்டி. நாமாகத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பிணைப்பு இன்னும் வலுவாக இருக்கும் என்று நொபுயோவுக்குப் படுகிறது. எதிர்பார்ப்பு இல்லாமல் இருக்கலாம், அந்த அளவில் நல்லதுதான் என்று பாட்டி முடித்துவிடுகிறார்.

அதனால் படம் 'ரத்தம் பொய், அன்பே மெய்' என்று கொடி பிடிக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வீட்டில் பொய் இருக்கிறது, கணக்கு இருக்கிறது. பாட்டி இறந்ததும் ஒளித்து வைத்திருந்த பணம் கிடைத்துப் பெரியவர்கள் இருவரும் சிரிக்கிறார்கள், அதை ஷோட்டா பார்த்துக்கொண்டே நிற்கிறான். பாசமும் தேவையும் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கின்றன. சரி, ரத்த உறவுக் குடும்பங்களில் மட்டும் அவை தனித்தனியாகவா இருக்கின்றன?

ஜப்பான் இவ்வளவு முன்னேறிய நாடு. அங்கேயும் ரத்த உறவுக்கு இத்தனை எடையா?

எடை என்பது சாதாரணச் சொல். அங்கே குடும்பம் என்பது ஒரு பதிவேடு. 'கொசேகி' என்று பெயர். 1870-களில் மெய்ஜி அரசு நாடு முழுக்கக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு திருத்தி எழுதப்பட்ட வடிவம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரே குடும்பப்பெயர் கொண்ட கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள், இதுதான் அதன் அலகு. பிறப்பு, திருமணம், மணமுறிவு, தத்து, இறப்பு எல்லாம் அதில் ஏறும். மணமானதும் இருவரும் ஒரே குடும்பப்பெயரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம், பெரும்பாலும் மாற்றிக்கொள்வது பெண்தான். அந்த ஏட்டில் இல்லாத உறவு அரசின் கண்ணுக்கு உறவே கிடையாது. ஒசாமுவின் வீட்டில் இருக்கும் ஆறு பேரும் ஒரே ஏட்டில் ஒருபோதும் வரமாட்டார்கள்.

தத்து அங்கே அரிது என்று சொல்லிவிடவும் முடியாது. ஜப்பானில் தத்து எடுப்பது ஏராளம், ஆனால் தத்துப் போகிறவர்களில் பெரும்பாலோர் வளர்ந்த ஆண்கள். குடும்பப்பெயரும் தொழிலும் தொடர வேண்டும் என்பதற்காக மருமகனையோ திறமையான ஊழியரையோ மகனாகப் பதிந்துகொள்வார்கள். ஆதரவற்ற குழந்தையை முழுமையாகத் தன் பிள்ளையாக்கிக்கொள்ள வழிசெய்யும் 'சிறப்புத் தத்து' முறை 1987-இல்தான் சட்டமானது. பெற்றவர்களோடு இருக்க முடியாத குழந்தைகளில் பெரும்பகுதியினர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போவதில்லை, காப்பகங்களுக்குத்தான் போகிறார்கள். படத்தின் முடிவில் ஷோட்டா போய்ச் சேர்வதும் அப்படியொரு இடம்தான்.

தாய் யார் என்பதிலும் சட்டம் கறார். கருமுட்டை யாருடையதாக இருந்தாலும், வயிற்றில் சுமந்து பெற்றவளே தாய் என்று 2007-இல் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் ஒரு வாடகைத்தாய் வழக்கில் தீர்ப்பளித்தது. விசாரணை அறையில் நொபுயோ கேட்கும் கேள்விக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது: பெற்றுவிட்டால் எல்லோரும் அம்மா ஆகிவிடுவார்களா?

உண்மைக் கதையா?

ஒரே சம்பவத்திலிருந்து வந்தது இல்லை. இறந்துபோன பெற்றோரின் சாவை மறைத்து ஓய்வூதியம் வாங்கிவந்த குடும்பங்கள் பற்றி 2010 வாக்கில் ஜப்பானில் அடுத்தடுத்துச் செய்திகள் வந்தன. டோக்கியோவில் 111 வயது என்று பதிவேட்டில் இருந்த ஒருவர், உண்மையில் ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்கு முன்பே தன் வீட்டு அறையில் இறந்து கிடந்தது தெரியவந்தபோது நாடே அதிர்ந்தது. கொரே-எடாவை யோசிக்கவைத்த செய்திகளில் இந்த வகையும் ஒன்று.

இன்னொன்று, குடும்பமாகக் கடைகளில் திருடி மாட்டிக்கொண்டவர்கள் பற்றியது. திருடியதையெல்லாம் விற்றுவிட்டவர்கள் தூண்டில் கம்புகளை மட்டும் விற்காமல் வைத்திருந்தார்களாம், மீன்பிடிக்கப் பிடிக்கும் என்று. படத்தில் தகப்பனும் மகனும் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பதற்கு விதை அது.

மூன்றாவதுதான் எனக்கு நெருக்கமானது. கதைக்காகக் கொரே-எடா ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குப் போயிருந்தார். பள்ளியிலிருந்து வந்த ஒரு சிறுமி பையைத் திறந்து 'ஸ்விம்மி' என்ற படக்கதைப் புத்தகத்தை எடுத்து, அவர்கள் முன்னால் கடைசிவரை சத்தமாக வாசித்துக் காட்டினாள். தன் அப்பா அம்மாவுக்கு வாசித்துக் காட்ட ஆசைப்பட்டிருப்பாளோ என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்தச் சிறுமிக்காகத்தான் இந்தப் படத்தை எடுத்தேன் என்று பின்னர் சொன்னார். பெரிய மீனுக்குப் பயந்த சின்ன மீன்கள் ஒன்றுகூடி ஒரே பெரிய மீனைப் போல நீந்தும் கதை அது. படத்தில் ஷோட்டா அதைப் படிக்கிறான்.

திருட்டைப் படம் நியாயப்படுத்துகிறதே?

கடையில் இருக்கும் பொருள் இன்னும் யாருக்கும் சொந்தமாகவில்லை என்று ஒசாமு பையனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். கடை நொடித்துப் போகாத வரை பரவாயில்லை என்பது நொபுயோவின் கணக்கு. இரண்டும் உடைவதைத்தான் படம் காட்டுகிறது.

தெருவோரத்தில் ஒரு முதியவரின் மிட்டாய்க்கடை. ஷோட்டா வழக்கமாகத் திருடும் இடம். ஒருநாள் லின்னும் கூட இருக்கிறாள். முதியவர் கூப்பிட்டு, கையில் இரண்டு தின்பண்டத்தைக் கொடுத்து, தங்கச்சியை இதில் இறக்காதே என்று மட்டும் சொல்கிறார். அவருக்கு இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது! பின்னர் ஒருநாள் அந்தக் கடை மூடிக்கிடக்கிறது. கதவில் துக்க அறிவிப்பு. சிறுவனுக்கு அது என்னவென்று சரியாகப் புரியவில்லை, கடை நொடித்துவிட்டதோ என்று நினைக்கிறான். நொபுயோவின் கணக்கு அவன் மனதில் அங்கேதான் பொய்த்துப்போகிறது. யாரும் அவனுக்கு நீதி போதிக்கவில்லை. ஒரு கிழவரின் கனிவும் ஒரு மூடிய கதவும் போதுமாக இருந்தன.

விசாரணையில், பிள்ளைக்குத் திருடக் கற்றுக்கொடுக்க வெட்கமாக இல்லையா என்று கேட்கிறார்கள். கற்றுக்கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை என்கிறான் ஒசாமு.

ஷோட்டா வேண்டுமென்றேதான் மாட்டிக்கொண்டானா?

ஆமாம். அவனே ஒசாமுவிடம் சொல்கிறான்.

சூப்பர் மார்க்கெட்டில் லின் திருட ஆரம்பிக்கிறாள். அவளை யாரும் கவனிக்கக் கூடாது என்று ஒரு பை ஆரஞ்சுப் பழத்தை அள்ளிக்கொண்டு ஷோட்டா ஓடுகிறான். துரத்துகிறார்கள், பாலத்திலிருந்து குதிக்கிறான், கால் உடைகிறது. கிழவர் சொன்ன 'தங்கச்சி' என்ற சொல்லுக்கு அவன் கொடுத்த விலை அது. அண்ணன் என்று கூப்பிட வைக்கப்பட்டவன் உண்மையாகவே அண்ணன் ஆகிவிட்டான். ஆனால் அவன் அண்ணன் ஆன அந்தச் செயல்தான் குடும்பத்தை உடைக்கிறது.

அவனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அன்றிரவே மற்றவர்கள் மூட்டை கட்டுகிறார்கள், பிடிபடுகிறார்கள். பிறகு, சிறையில் இருக்கும் நொபுயோ அவனைக் கூப்பிட்டு, அவனைக் கண்டெடுத்த காரின் நிறம், வகை, பதிவெண்ணின் ஊர், இடம் எல்லாவற்றையும் சொல்கிறாள். தேடினால் பெற்றவர்களைக் கண்டுபிடிக்கலாம் என்று. இதற்காகவா இவனைக் கூட்டிவரச் சொன்னாய் என்று ஒசாமு பதறுகிறான். இந்தப் பிள்ளைக்கு நாம் போதாது என்கிறாள் அவள். அந்த ஒரு வரியில் அவள் தாயாகிறாள் என்று நான் நினைக்கிறேன். தன்னிடம் வைத்துக்கொள்வதற்காகச் சொன்ன பொய்களையெல்லாம், அவன் போகவேண்டும் என்பதற்காக விட்டுக்கொடுக்கிறாள்.

அன்றிரவு ஷோட்டா கேட்கிறான்: என்னை விட்டுவிட்டு ஓடப் பார்த்தீர்களா? ஆமாம் என்று ஒசாமு ஒப்புக்கொள்கிறான். இனி அப்பா இல்லை, வெறும் மாமாவாக இருந்துகொள்கிறேன் என்கிறான். 'அப்பா என்று கூப்பிடு' என்று எத்தனையோ தடவை கெஞ்சியவன். மறுநாள் பேருந்து கிளம்ப, பின்னால் ஓடி வருகிறான். பையன் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி தூரம் போன பிறகு திரும்பிப் பார்த்து, உதடு மட்டும் அசைகிறது. சத்தம் நமக்குக் கேட்காது, ஒசாமுவுக்கும் கேட்காது. முதலில் நினைத்த தலைப்பு ஏன் அது என்று அந்த நொடியில் புரியும்.

நொபுயோ அழும் காட்சி எப்படி எடுக்கப்பட்டது?

பிள்ளைகள் உன்னை என்னவென்று கூப்பிட்டார்கள், அம்மா என்றா என்று கேட்கிறார் விசாரிக்கும் பெண். நொபுயோவால் பதில் சொல்ல முடியவில்லை. கண்ணீர் வழிய வழிய, கையால் முகத்தையும் நெற்றியையும் தள்ளித் தள்ளித் துடைக்கிறாள். சகுரா ஆண்டோவுக்கு என்ன கேள்வி வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. கேட்கும் நடிகைக்கு மட்டும் கேள்விகளைக் கொரே-எடா பலகையில் எழுதிக் காட்டினார். அந்த ஆண்டு கான் நடுவர் குழுவுக்குத் தலைவர் நடிகை கேட் பிளான்செட். இனி எங்களில் யாராவது திரையில் இப்படி அழுதால் ஆண்டோவைப் பார்த்துச் செய்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் அவர் சொன்னார்.

அதே விசாரணையில் இன்னொரு பதில் உண்டு. பாட்டியின் உடலைப் புதைத்ததை, தூக்கி எறிந்துவிட்டாயே என்று குற்றம் சாட்டுகிறார்கள். நான் எறியவில்லை, யாரோ எறிந்ததை எடுத்து வைத்துக்கொண்டேன், எறிந்தவர்கள் வேறு யாரோ என்கிறாள். எறிந்தவர்களுக்கு அந்த அறையில் யாரும் கேள்வித்தாள் தயாரிக்கவில்லை.

குழந்தைகளுக்கும் கொரே-எடா வசனப் புத்தகம் தருவதில்லை. படப்பிடிப்புத் தளத்தில் காதில் சொல்லுவார், அவர்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். யூரியாக வரும் மியு சசாகி நடிப்பதாகவே தோன்றாததற்குக் காரணம் இது.

பாட்டியை வீட்டுக்குள்ளேயே புதைத்தது ஏற்க முடியவில்லை.

எனக்கும்தான். சடங்குக்குப் பணமில்லை, சாவைப் பதிந்தால் ஓய்வூதியம் நிற்கும், காவல்துறை வந்தால் குழந்தை பறிபோகும், இப்படிக் காரணங்கள் இருக்கின்றன. அவை காரணங்களாக மட்டுமே இருக்கின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாட்டி இறக்கும் அன்று காலை லின்னின் பால்பல் விழுகிறது. கீழ்ப்பல் விழுந்தால் கூரைமேல் எறியும் வழக்கம் நம்மைப் போலவே ஜப்பானியர்களுக்கும் உண்டு. மூத்தவர் போகும் நாளில் சின்னவள் வளர்கிறாள். சொந்த வீடு என்று சொல்வதற்கு இதைவிட வேறென்ன அடையாளம் இருக்கும்?

கடற்கரையில் பாட்டி என்ன முணுமுணுக்கிறார்?

எல்லோருக்கும் நன்றி என்று. அது எழுதப்பட்ட வசனம் இல்லை, கிரின் கிகி தானாகச் செய்தது. படப்பிடிப்பின் தொடக்கத்திலேயே எடுத்த காட்சி. படத்தொகுப்பில் உதட்டசைவைக் கவனித்த கொரே-எடா, அதை ஒட்டிக் கதையை மேலும் எழுதினார். கிழவியின் தோற்றத்துக்காக கிகி பல்செட்டைக் கழற்றிவிட்டு நடித்தார். கொரே-எடாவோடு அவருக்கு இது ஆறாவது படம். 2018 செப்டம்பர் 15 அன்று, 75 வயதில், புற்றுநோயோடு நீண்டகாலம் போராடிய பின் மறைந்தார். அதை அறிந்த பிறகு அந்த முணுமுணுப்பை என்னால் கதாபாத்திரத்தின் வார்த்தையாக மட்டும் கேட்க முடியவில்லை.

அகியின் கதை எனக்கு ஒட்டவில்லை. அவள் எதற்கு?

வசதியான, முறையான, ரத்தக் குடும்பம் ஒன்றையும் காட்டியாக வேண்டும் அல்லவா? அகியின் பெற்றோர் நல்ல வீட்டில் இருக்கிறார்கள். மூத்த மகள் ஆஸ்திரேலியாவில் படிக்கிறாள் என்று வந்தவர்களிடம் சொல்கிறார்கள். அவளோ ஜப்பானிலேயே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் உட்கார்ந்து பார்க்கும் ஒரு கடையில், பள்ளிச் சீருடையில் வேலை செய்கிறாள். அங்கே அவள் வைத்துக்கொண்ட பெயர் தங்கையின் பெயர். அந்த வீட்டுக்கு அவ்வப்போது போய்ப் பாட்டி பணம் வாங்கி வந்தார் என்பது விசாரணையில் தெரிந்ததும் அகி உடைந்துபோகிறாள். தன்மேல் பிரியத்தால் வைத்திருந்தாரா, பணத்துக்காக வைத்திருந்தாரா? என் எண்ணம், முதலில் வஞ்சம், பிறகு பணம், கடைசியில் பாசம். கடைசியில் அவள் அந்தக் காலி வீட்டைத் திறந்து பார்க்கத் திரும்பி வருகிறாளே, பதில் அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

உங்களுக்கு மிகப் பிடித்த காட்சி?

வாணவேடிக்கை. திருவிழா இரவு, வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது. கட்டடங்கள் மறைப்பதால் எதுவும் தெரியாது. ஆறு பேரும் கூரை விளிம்புக்குக் கீழே நெருக்கியடித்து அண்ணாந்து பார்க்கிறார்கள். கேமரா மேலிருந்து அவர்களைப் பார்க்கிறது. நாமும் வாணவேடிக்கையைப் பார்ப்பதில்லை, அந்த முகங்களைத்தான் பார்க்கிறோம்.

ஜப்பானில் படத்தை எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

திரையரங்குகளில் கூட்டம் குவிந்தது. கூடவே திட்டும் விழுந்தது. திருட்டுக் குடும்பத்தைக் காட்டி நாட்டின் மானத்தை வாங்குகிறார் என்றார்கள். ஆறில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழும் நாடு அது என்று அரசின் கணக்கே சொல்லிக்கொண்டிருந்த காலம். அன்றைய பிரதமர் அபே பாராட்டுச் சொல்லாதது பேச்சானது. கல்வி அமைச்சர் அழைத்துப் பாராட்ட விரும்பியபோது கொரே-எடா மறுத்துவிட்டார். சினிமா தேசிய நலனோடும் அரசுக் கொள்கையோடும் ஒன்றாகிப் பெரும் துயரத்தில் முடிந்த கடந்தகாலம் உண்டு, அதனால் அதிகாரத்திலிருந்து விலகி நிற்பதே சரி என்று எழுதினார்.

படம் வெளியான அதே வாரத்தில்தான், டோக்கியோவில் பெற்றோரின் கொடுமையால் இறந்துபோன ஐந்து வயதுச் சிறுமி தன் கைப்பட எழுதிய மன்னிப்பு வரிகள் செய்தியாக வந்தன. யூரியின் வயது. பார்க்கப் போனவர்களுக்கு அது வெறும் கதையாக இருந்திருக்காது.

அதற்குப் பிறகு சட்டம் ஏதாவது மாறியதா?

மாறியது. இந்தப் படத்தால் மாறியது என்று சொல்லமாட்டேன், அந்தச் சிறுமியைப் போன்ற குழந்தைகளின் சாவுதான் காரணம். பெற்றோர் பிள்ளைகளை அடிப்பதைத் தடைசெய்யும் சட்டத்திருத்தம் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையைத் தண்டித்துத் திருத்தப் பெற்றோருக்கு உரிமை உண்டு என்ற பிரிவு 2022-இல் குடிமைச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. சிறப்புத் தத்துக்கான வயது வரம்பு முன்பு ஆறுக்குக் கீழ் என்று இருந்தது, இப்போது பதினைந்துக்குக் கீழ்.

பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். அகி வேலை செய்யும் இடமும், கணவன் மனைவிக்கு இடையிலான ஒரு காட்சியும் உண்டு. மேல்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம், பார்த்தபின் பேச நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இதே இயக்குநரின் வேறு எதைப் பார்க்கலாம்?

'லைக் ஃபாதர், லைக் சன்' (2013). ஆஸ்பத்திரியில் குழந்தைகள் மாறிப்போன இரண்டு குடும்பங்கள். ரத்தமா, கூட வாழ்ந்த காலமா என்ற கேள்வி அங்கேதான் அவருக்குத் தொடங்கியது. 'புரோக்கர்' (2022) கொரியாவில் எடுத்தது, கைவிடப்பட்ட குழந்தையைச் சுற்றிச் சேரும் மனிதர்கள் பற்றியது. மனசு திடமாக இருக்கும் நாளில் 'நோபடி நோஸ்' (2004).

கடைசியில் யூரி எதைப் பார்க்கிறாள்?

சட்டம் அவளைப் பெற்ற வீட்டிலேயே திருப்பி விட்டுவிட்டது. பிள்ளைக்குத் தாய் வேண்டும் என்பதுதான் விசாரணையில் சொல்லப்பட்ட நியாயம். துணி வாங்கித் தருகிறேன் வா என்று தாய் கூப்பிடுகிறாள். யூரி வரமாட்டேன் என்று தலையாட்டுகிறாள். ஒரு காலத்தில் தழும்பை மறைத்த குழந்தை, இப்போது வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த குழந்தை. அந்த வீடு அவளுக்குக் கொடுத்தனுப்பியது அவ்வளவுதான்.

மறுபடி குளிர்காலம். மறுபடி வீட்டுக்கு வெளியே தனியாக. தரையில் கோலிகுண்டுகளை வைத்துக்கொண்டு, அந்த வீட்டில் கற்ற எண்ணுப்பாட்டைப் பாடுகிறாள். அப்புறம் ஒரு பெட்டிமேல் ஏறித் தடுப்புக்கு அப்பால் எட்டிப் பார்க்கிறாள். ஏதோ சொல்ல வருவதைப் போல மூச்சை இழுக்கிறாள். படம் அங்கே வெட்டப்படுகிறது.

யாரையோ கூப்பிடப் போகிறாள் என்றுதான் ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுகிறது. முதல் காட்சியில் தடுப்புக்கு வெளியே இருந்த இருவர் அவளைப் பார்த்தார்கள். இந்தமுறை அவள் வெளியே பார்க்கிறாள்.